இருக்கையா, காற்றா, கைப்பிடியா: நெடும்பயண பைக்கில் எதை முதலில் மாற்றுவது?

அட்வெஞ்சர் டூரிங் மோட்டார் சைக்கிளில் நாள் முழுக்க ஓட்டுகிறவர்கள் சொல்லும் முதல் குறை பெரும்பாலும் இருக்கையைப் பற்றியதாகவே இருக்கும். உட்காரும் இடம் வலிக்கிறது, ஆகவே இருக்கை சரியில்லை என்று முடிவுகட்டுவது இயல்புதான்; ஆனால் அந்த முடிவு எப்போதும் சரியாக இருப்பதில்லை. ஹேண்டில்பார் எட்டாத தூரத்தில் இருந்தால் இடுப்பு முன்பக்கம் சாய்ந்து, உடலின் எடை உட்காரும் எலும்புகளை விட்டு நழுவி, எடையைத் தாங்கப் பழகாத மென்தசையின் மேல் விழுகிறது. பின்பக்க ஸ்பிரிங் ஓட்டுபவரின் எடைக்கேற்ப அமைக்கப்படாவிட்டால் ஒவ்வொரு பள்ளத்தின் அடியும் நேராக முதுகுத்தண்டுக்கு வருகிறது. இவ்விரண்டுக்கும் இருக்கையில் மருந்து இல்லை. வீட்டிலேயே, சொந்தக் கையால் செய்துகொள்ளக்கூடிய மாற்றங்கள் பல இருக்க, அவற்றுள் எது எந்தக் குறையைத் தீர்க்கும், எதற்கு முதலில் பணமும் நேரமும் செலவிடலாம் என்பதை ஒப்பிட்டுப் பார்ப்பதே இங்கு நோக்கம்.

இவ்வகை வண்டியின் வடிவமே ஒரு சமரசம் என்பதை முதலில் நினைவில் கொள்ள வேண்டும். 1980இல் பிஎம்டபிள்யூ ஆர் 80 ஜி/எஸ் வெளிவந்த காலத்திலிருந்து, தார்ச்சாலையிலும் மண்பாதையிலும் ஒரே வண்டி ஓட வேண்டும் என்ற எதிர்பார்ப்புதான் இவ்வகையை நடத்தி வந்திருக்கிறது. நின்றுகொண்டு ஓட்ட வசதியாக இருக்கையின் முன்பகுதி குறுகலாக இருக்கும். கால் தரையில் எட்ட வேண்டும் என்பதற்காக ஃபோம் மெல்லியதாக இருக்கும். முன்சக்கரத்தின் அருகிலுள்ள தரை கண்ணில் படவேண்டும் என்பதற்காக விண்ட்ஸ்கிரீன் குட்டையாக இருக்கும். மண்பாதையில் இவை நன்மைகள். நெடுஞ்சாலையின் ஐந்தாவது மணி நேரத்தில் இவையே தொல்லைகள். பல வண்டிகளில் இருக்கையின் உயரத்தை இரண்டு நிலைகளில் வைக்க முடியும்: ஹோண்டா ஆஃப்ரிக்கா ட்வின் 1100இல் 850 அல்லது 870 மில்லிமீட்டர், ராயல் என்ஃபீல்ட் ஹிமாலயன் 450இல் 825 அல்லது 845. கால் எட்டுகிற அளவுக்கு உயரமானவர்கள்கூட வாங்கிய நாளில் இருந்த தாழ்ந்த நிலையிலேயே ஓட்டுவதைக் காணலாம். அந்த 20 மில்லிமீட்டரை உயர்த்தினாலே முழங்காலின் மடிப்பு குறைந்து தொடைக்குக் கீழே தாங்கல் கிடைக்கும்.

எனவே கடைக்குப் போகுமுன், வலி உடலின் எந்த இடத்தில், ஓட்டத் தொடங்கி எவ்வளவு நேரத்தில், எந்த வகைச் சாலையில் வருகிறது என்பதைக் கவனித்துக் குறித்துக்கொள்வது நல்லது. வழுவழுப்பான நெடுஞ்சாலையிலும் ஒரு மணி நேரத்துக்குள் உட்காரும் எலும்புகள் நோகத் தொடங்கினால் குறை ஃபோமில் இருக்கிறது. மேடுபள்ளமான சாலையில் மட்டும் நொந்துபோகிறவர் சஸ்பென்ஷனைத்தான் பார்க்க வேண்டும். கழுத்தும் தோளும் வலித்தால் காரணம் காற்றாக இருக்கலாம், ஹேண்டில்பாராகவும் இருக்கலாம். மணிக்கு 60 கிலோமீட்டரில் மறைந்து 100இல் திரும்பும் வலி காற்றினுடையது, வேகம் எதுவானாலும் தொடரும் வலி உட்காரும் கோணத்தினுடையது. விரல்கள் குறிப்பிட்ட எஞ்சின் சுழற்சியில் மட்டும் மரத்துப்போனால் அது அதிர்வு. எந்தச் சுழற்சியிலும் மரத்துப்போனால் மணிக்கட்டு மடிந்திருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

ஸ்பானர் மட்டும் போதுமானவை

செலவில்லாத திருத்தங்களில் முதலிடம் சஸ்பென்ஷனின் ப்ரீலோடுக்கு, அதாவது ஸ்பிரிங்கை முன்கூட்டியே அழுத்திவைக்கும் அளவுக்கு, உரியது. ஓட்டுபவர் முழு உடையுடனும் வழக்கமான சுமையுடனும் உட்காரும்போது பின்சக்கரத்தின் மொத்த அசைவுத் தூரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கோ அதற்குச் சற்றுக் குறைவாகவோ அமுங்கியிருக்க வேண்டும் என்பது பொதுவான விதி. 200 மில்லிமீட்டர் அசைவு கொண்ட வண்டியில் இது சுமார் 60 மில்லிமீட்டர். அளப்பது எளிது: பின்சக்கரம் தரையைத் தொடாதவாறு வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, அச்சுக்கு நேர் மேலே சட்டத்தில் ஒரு புள்ளியைக் குறித்து இடைவெளியை அளக்க வேண்டும், பிறகு வண்டியை இறக்கி, ஏறி அமர்ந்து, வேறொருவரை மீண்டும் அளக்கச் சொல்ல வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே தேவையான எண். அது மிகக் குறைவாக இருந்தால் சக்கரம் பள்ளத்துக்குள் இறங்க இடமின்றித் துள்ளும். மிக அதிகமாக இருந்தால் பெரிய அடியில் ஷாக் முழுவதும் அமுங்கி இடிக்கும், வண்டியின் பின்பக்கம் தாழ்ந்து முன்பக்கம் லேசாகிவிடும்.

ப்ரீலோடைக் கூட்டினால் ஸ்பிரிங் கடினமாகும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது, அது தவறு. வழக்கமான நேர்வகை ஸ்பிரிங்கின் கடினம் மாறுவதில்லை, வண்டி நிற்கும் உயரம்தான் மாறுகிறது. ஆளுடன் அமுங்கும் அளவைச் சரிசெய்த பிறகு, ஆள் இல்லாமல் வண்டி தன் எடையில் சிறிதும் அமுங்காமல் நின்றால் அந்த எடைக்கு ஸ்பிரிங் மென்மையானது என்று பொருள். அப்போதுதான் வேறு ஸ்பிரிங் வாங்குவதைப் பற்றி யோசிக்க வேண்டும். ரீபவுண்ட் திருகு (அமுங்கிய ஸ்பிரிங் திரும்பி நீளும் வேகத்தைக் கட்டுப்படுத்துவது) உள்ள வண்டிகளில் அதையும் ஒவ்வொரு கிளிக்காக மாற்றி அதே சாலையில் ஓட்டிப் பார்க்கலாம். சக்கரக் காற்றழுத்தம் பயணத்துக்கு முன் குளிர்ந்த டயரில் பார்க்கப்பட வேண்டும். சொகுசுக்காகத் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்குக் கீழே தார்ச்சாலையில் குறைப்பதை நான் ஏற்கமாட்டேன், ஏனெனில் டயர் சூடேறும், வளைவில் நெளியும்.

அடுத்தது, ஹேண்டில்பாரின் கிளாம்பைத் தளர்த்திச் சில டிகிரி பின்னால் உருட்டுவதும், கிளட்ச், பிரேக் லீவர்களின் சாய்வை மாற்றுவதும். உட்கார்ந்த நிலையில் முன்கையும் மணிக்கட்டும் நீட்டிய விரல்களும் ஒரே கோட்டில் லீவர் மேல் விழ வேண்டும். கியர் லீவரும் பின் பிரேக் பெடலும் கணுக்காலை வளைக்காமல் எட்டும் உயரத்தில் இருக்க வேண்டும். இதை அணிகிற பூட்ஸுடனேயே பார்க்க வேண்டும், ஏனெனில் தடித்த பூட்ஸின் முனை சாதாரணக் காலணியைவிட அதிக இடம் கேட்கும்.

இருக்கை: ஐந்து வழிகள்

மேற்கண்டவற்றைச் செய்த பிறகும் உட்காரும் இடம் வலித்தால், இருக்கையே குற்றவாளி. கடையில் விரலால் அழுத்திப் பார்க்கும்போது இதமாகத் தோன்றும் மென்மையான ஃபோம், உடலின் எடையில் சிறிது நேரத்தில் அமுங்கித் தீர்ந்துவிடும். பிறகு எலும்புக்கும் இருக்கையின் பிளாஸ்டிக் அடித்தட்டுக்கும் இடையே எஞ்சுவது மிகக் குறைவு. நல்ல நெடும்பயண இருக்கை முதல் பத்து நிமிடத்தில் சற்றுக் கடினமாகவே தோன்றும். இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால், தடித்த மென்மெத்தைகளை வாங்கி ஏமாறுவதில் பாதியைத் தவிர்க்கலாம்.

மிக எளிய வழி வலைத்துணி உறையோ ஆட்டுத்தோல் விரிப்போ. இவை அழுத்தத்தைக் குறைப்பதில்லை; உடலுக்கும் இருக்கைக்கும் நடுவே காற்றோட்டம் தருகின்றன. வலி இல்லாமல் வியர்வையும் எரிச்சலும் மட்டுமே தொல்லையாக இருப்பவருக்கு இது போதும். முப்பரிமாண வலைத்துணி மழையில் நனைந்தாலும் நீர் தங்காமல் உலர்ந்துவிடும். ஆட்டுத்தோல் அதைவிட இதமானது, ஆனால் ஒருமுறை முழுக்க நனைந்தால் அன்றைய நாள் அதன் மேல்தான் ஈரத்தில் உட்கார வேண்டும். தடித்த தையல் மடிப்புள்ள உள்ளாடையைத் தவிர்ப்பதும் இதே வரிசையில் சேரும். அற்பமாகத் தோன்றும் இந்தக் காரணத்தைக் கண்டுகொள்ளாமல் புது இருக்கைக்கே போனவர்கள் உண்டு.

ஜெல் திண்டு விளம்பரத்தில் பெறும் இடத்துக்குத் தகுதியானது என்று நான் நினைக்கவில்லை. ஜெல் காற்றுபோல் அமுங்குவதில்லை. பக்கவாட்டில் நகர்ந்து அழுத்தத்தைப் பரப்புகிறது. நகர இடமில்லாமல் இறுக்கமான உறைக்குள் மெல்லிய தகடாக வைத்தால் அது கெட்டியான ரப்பரைப் போலத்தான் நடந்துகொள்ளும். வெயிலில் நின்ற வண்டியில் அது வெப்பத்தை வாங்கித் தேக்கிவைத்துக்கொள்ளும். இரண்டு மணி நேர உணவு இடைவேளைக்குப் பின் அதன் மேல் அமர்வது இன்பமான அனுபவம் அன்று. எலும்பு படும் இரண்டு இடங்களில் மட்டும் ஃபோமுக்குள் பதித்து, மேலே மெல்லிய ஃபோம் அடுக்கு போர்த்தினால் ஓரளவு பயன் தரும்.

காற்றறைத் திண்டு வேறு ரகம். சக்கர நாற்காலியில் வெகுநேரம் அமர்பவர்களுக்கு அழுத்தப் புண் வராமல் காக்க உருவான மெத்தைகளின் தொழில்நுட்பத்தையே ஏர்ஹாக் போன்ற பைக் திண்டுகள் பயன்படுத்துகின்றன. ஒன்றோடொன்று இணைந்த சிறு காற்றறைகளில், அழுத்தம் கூடிய இடத்திலிருந்து காற்று பக்கத்து அறைக்கு நகர்வதால் எந்த ஒரு புள்ளியிலும் எடை குவிவதில்லை. இதன் வெற்றி காற்றின் அளவில் இருக்கிறது: பெரும்பாலோர் அளவுக்கு மீறி ஊதிவிட்டு, பந்தின் மேல் அமர்ந்தது போல் ஆடுகிறது என்று குறை சொல்வார்கள். அமர்ந்த நிலையில் காற்றைத் திறந்துவிட்டு, உடல் அடித்தட்டைத் தொடுவதற்கு ஓரிரு சென்டிமீட்டர் இருக்கும்போது மூட வேண்டும். மலை ஏறும்போது வெளியழுத்தம் குறைவதால் திண்டு விறைக்கும், இறங்கும்போது தளரும். உயரம் பெரிதும் மாறும் பாதையில் வால்வை அவ்வப்போது தொட நேரும். கழற்றி எடுத்து வேறு வண்டியில் போட்டுக்கொள்ள முடிவது இதன் பெரிய நன்மை. ஆனால் உயரத்தைக் கூட்டும், சரளைப் பாதையில் வண்டியின் அசைவை உடல் உணர்வதை மங்கச் செய்யும். தார்ச்சாலையே பெரும்பங்கு என்றால் தயங்காமல் தேர்ந்தெடுக்கலாம்.

சொந்தமாக ஃபோமை மாற்றுவதுதான் உழைப்பு அதிகம் கேட்பதும், சரியாக அமைந்தால் அதிகம் திருப்பித் தருவதும். உறையின் ஸ்டேப்பிள்களை ஒவ்வொன்றாக நெம்பி எடுத்து, பழைய ஃபோமில் எலும்பு படும் இடங்களைக் குறித்து, அங்கே ஒரு பள்ளம் வெட்டி, அடர்த்தி மிகுந்த மறுபிணைப்பு ஃபோமை (ஃபோம் துண்டுகளை அழுத்திப் பிணைத்துச் செய்தது) ஒட்ட வேண்டும். எலும்பின் இடத்தை அறிய, கெட்டியான பரப்பில் நெளி அட்டையை வைத்து அதன் மேல் சற்று நேரம் அமர்ந்தால் இரண்டு குழிகள் பதியும். முன்பக்கம் சரிந்திருக்கும் இருக்கையைச் சமமாக்குவதே பலருக்கு முழு மருந்தாக அமைகிறது. ஒவ்வொரு பிரேக்குக்கும் பெட்ரோல் டேங்கை நோக்கிச் சறுக்குவதும், மீண்டும் பின்னால் நகர்வதும்தான் அவர்களுடைய உண்மையான தொல்லை. பின்பகுதியை அகலப்படுத்தலாம், ஆனால் முன்பகுதியின் விளிம்புகளை அகலமாக விட்டால் கால் தரையில் எட்டாது, தொடையின் உட்புறம் அறுக்கும். வெட்டிய பரப்பை உப்புத்தாளால் தேய்த்துச் சமமாக்கி, மேலே சுமார் 10 மில்லிமீட்டர் மென்ஃபோம் அடுக்கையும் அதன் மேல் நீர்புகா மெல்லிய பிளாஸ்டிக் தாளையும் விரிக்க வேண்டும். உறையை உடனே ஸ்டேப்பிள் அடிக்காமல் நாடாவால் தற்காலிகமாகக் கட்டி, மெதுவாகவும் அருகிலும் ஓட்டிப் பார்த்து, தேவையான திருத்தங்களைச் செய்த பிறகே இறுதியாக அடிக்க வேண்டும். ஸ்டேப்பிள் முள் அடித்தட்டின் தடிமனைவிட நீளமாக இருக்கக் கூடாது. துருப்பிடிக்காத எஃகு என்றால் இன்னும் நல்லது. இந்த வேலையை வண்டியோடு வந்த இருக்கையில் செய்யாமல், பழைய இருக்கை ஒன்றைத் தேடி வாங்கி அதில் செய்வதே அறிவுடைமை.

ஐந்தாவது வழி, ஆயத்தமாகவோ உடல் அளவுக்கேற்பவோ செய்யப்பட்ட இருக்கையை வாங்குவது. ஃபோம் வேலையில் ஆர்வமில்லாதவருக்கும், தண்டுவடத்தில் ஏற்கனவே சிக்கல் உள்ளவருக்கும் இதுவே பொருத்தம். ஆயத்த இருக்கையை அமர்ந்து பார்க்காமல் வாங்குவது மட்டும் சூதாட்டம்.

காற்று

காற்றின் எதிர்விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்வதால், மணிக்கு 80இலிருந்து 100 கிலோமீட்டருக்குப் போகும்போது மார்பில் படும் தள்ளுதல் ஒன்றரை மடங்குக்கும் மேலாகிறது. ஆயினும் சீராக வீசும் காற்று அவ்வளவாகக் களைப்பு தருவதில்லை; விண்ட்ஸ்கிரீனின் விளிம்பில் பிய்ந்து சுழன்று ஹெல்மெட்டை இடமும் வலமும் உலுக்கும் காற்றுதான் கழுத்தை வதைக்கிறது. சீரான வேகத்தில், வாகனங்கள் இல்லாத நேரான சாலையில், ஃபுட்பெக்கில் (கால் வைக்கும் கட்டையில்) சற்று எழுந்து பார்த்தால் இதை உணரலாம்: எழுந்ததும் இரைச்சல் சீராகி உலுக்கல் நின்றுவிட்டால், உட்கார்ந்த நிலையில் தலை சுழல்காற்றுக்குள் இருக்கிறது. தாழக் குனியும்போதும் அதேபோல் அமைதி கிடைத்தால், தலை சரியாக எல்லைக்கோட்டில் நிற்கிறது.

இதற்கு எல்லோரும் முதலில் நாடுவது உயரமான விண்ட்ஸ்கிரீன். அதன் மேல்விளிம்பு ஓட்டுபவரின் மூக்கு மட்டத்துக்கு மேல் போகக் கூடாது. கண்ணாடி வழியாகப் பார்த்து ஓட்ட நேர்ந்தால் மழையிலும், எதிரே விளக்குகள் வரும் இரவிலும் அது ஆபத்து. பெரிய திரைக்குப் பின்னால் தாழ்ந்த அழுத்தம் உருவாகி ஓட்டுபவரின் முதுகை முன்னோக்கித் தள்ளுவதும் உண்டு. ஆகவே திரையை வெறுமனே உயர்த்துவதைவிட, அதற்கும் வண்டியின் முகப்புக்கும் இடையே கீழே ஒரு இடைவெளி விட்டு, காற்று உள்ளே புகுந்து அந்தத் தாழ்வை நிரப்ப விடும் சாய்வு மாற்றும் பிராக்கெட் பல வண்டிகளில் நன்றாக வேலை செய்கிறது. ஏற்கனவே உள்ள திரையின் மேல் பொருத்தும் சிறு ஸ்பாய்லர் மூன்றாவது வழி. கோணத்தையும் உயரத்தையும் ஓரிரு மாலைகளில் மாற்றி மாற்றிச் சோதித்துவிடலாம், பிடிக்காவிட்டால் கழற்றிவிடலாம். இம்மூன்றில் எனக்கு முதல் தேர்வு ஸ்பாய்லர்தான், உயரமான திரை கடைசி. சொந்தமாகத் திரை வெட்டுபவர்கள் அக்ரிலிக்கைத் தவிர்த்துப் பாலிகார்பனேட்டைப் பயன்படுத்த வேண்டும்; அக்ரிலிக் உடைந்தால் கூரான துண்டுகளாகும். பாலிகார்பனேட் எளிதில் கீறும், பெட்ரோல் பட்டால் கெடும் என்பதையும் மறக்கக் கூடாது. மிக உயரமான திரையும் பின்னால் கனத்த டாப் பாக்ஸும் சேர்ந்தால் சில வண்டிகள் அதிவேகத்தில் மெல்ல அலைபாயத் தொடங்கும். அப்போது இரண்டில் ஒன்றை விட வேண்டும்.

பலரும் மறக்கும் ஒன்று ஹெல்மெட்டின் நெற்றிக்கு முன்னால் நீண்டிருக்கும் வெயில் மறைப்பு. மண்பாதைக்கு உதவும் அந்த நீட்சி நெடுஞ்சாலைக் காற்றில் கப்பல் பாய்போல் காற்றைப் பிடித்து தலையைத் தூக்கும். இரண்டு மூன்று திருகுகளைக் கழற்றி அதை எடுத்துவிட்டு ஒரு நாள் ஓட்டிப் பார்த்தவர், விண்ட்ஸ்கிரீன் வாங்கும் எண்ணத்தையே கைவிடக்கூடும்.

எந்தத் திரையும் இரைச்சலை முழுவதும் நீக்காது. அமெரிக்காவின் பணியிட உடல்நல ஆய்வு நிறுவனமான நியோஷ், 85 டெசிபலை நாளுக்கு 8 மணி நேர வரம்பாக வைத்து, ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரத்தைப் பாதியாக்குகிறது. அக்கணக்கில் 100 டெசிபலுக்கு அனுமதி 15 நிமிடம் மட்டுமே. நெடுஞ்சாலை வேகத்தில் ஹெல்மெட்டுக்குள் அந்த அளவை எட்டுவது அரிதன்று. சரியாகச் செருகிய சாதாரண ஃபோம் இயர்பிளக், களைப்பைக் குறைப்பதில் இக்கட்டுரையின் எந்தப் பொருளோடும் போட்டியிடும். காதில் எதுவும் அடைக்கக் கூடாது என்ற சட்டம் உள்ள இடங்களில் மட்டும் விதியைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கையும் காலும்

உருட்டியும் போதாத ஹேண்டில்பாருக்கு ரைசர், அதாவது அதன் அடியில் பொருத்தி இடம் மாற்றும் துண்டு. 20 முதல் 30 மில்லிமீட்டர் உயர்த்துபவை பெரும்பாலும் கேபிள்களை மாற்றாமலே பொருந்தும். ஆனால் பொருந்தியதாகத் தோன்றுவதும் பொருந்துவதும் ஒன்றல்ல. ஹேண்டிலை இருபுறமும் முழுவதும் திருப்பி, எஞ்சின் ஓடும்போது சுழற்சி தானாக ஏறவில்லை என்பதையும், முன்சக்கரத்தை உயர்த்தி ஃபோர்க் முழுவதும் நீண்ட நிலையில் பிரேக் ஹோஸ் இழுபடவில்லை என்பதையும் பார்த்த பிறகே சாலைக்குப் போக வேண்டும். போல்ட்டுகளை, முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால், பட்டறைக் கையேடு சொல்லும் அளவுக்கும் வரிசைக்கும் ஏற்ப முறுக்க வேண்டும். நின்றுகொண்டு அதிகம் ஓட்டும் உயரமானவருக்கு ரைசர் தேவை; உட்கார்ந்தே ஓட்டும் நடுத்தர உயரக்காரருக்கு, உயர்த்துவதைவிட ஹேண்டிலைப் பின்னால் கொண்டுவரும் ரைசரே பொருள் பொதிந்தது.

அதிர்வுக்கு, ஹேண்டில்பாரின் முனையில் கூடுதல் எடை சேர்ப்பதே முதல் வழி. எடை கூடினால் அதிர்வு உச்சம் பெறும் சுழற்சி இடம் மாறும், அது பயண வேகத்துக்கு வெளியே நகர்ந்தால் போதும். ஃபோம் உறைகள் மலிவு, ஆனால் கிரிப்பைத் தடிக்கச் செய்வதால் சிறிய கை உடையவரின் முன்கை விரைவில் களைக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2002ஆம் ஆண்டுப் பணியிட விதி, 8 மணி நேரத்துக்குக் கையில் படும் அதிர்வு வினாடி வர்க்கத்துக்கு 2.5 மீட்டரை எட்டினாலே நடவடிக்கை கேட்கிறது என்பதை நினைத்தால், ஓட்டி முடித்த பிறகும் நீங்காத மரத்தலை அலட்சியப்படுத்தக் கூடாது என்பது புரியும். குளிருக்கு, சூடேறும் கிரிப்பும் கைக்காப்பும் சேர்ந்தே பலன் தரும். காற்றை மறைக்காமல் கிரிப்பை மட்டும் சூடாக்கினால் உள்ளங்கை சுடும், விரல் வெளிப்புறம் விறைக்கும். அந்த கிரிப்புகள் 30 முதல் 40 வாட் இழுப்பவை என்பதால், சாவியை அணைத்ததும் துண்டிக்கும் ரிலேயும் தனி ஃபியூஸும் இல்லாமல் பேட்டரியிலிருந்து நேரடியாக இழுப்பது, ஒரு காலை வண்டி கிளம்பாமல் போவதற்கு வழி.

தாழ்த்தும் ஃபுட்பெக் பிராக்கெட், முழங்கால் வலிக்குச் செலவில்லாத வழிகள் பலிக்காதபோது மட்டும். வளைவில் சாயும் அளவும் பாறையின் மேல் இடைவெளியும் குறையும், லீவர்களை மீண்டும் அமைக்க வேண்டும். கிராஷ் கார்டில் பொருத்தும் முன் ஃபுட்பெக்கைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. கால் நீட்ட இடம் தருவது உண்மை, ஆனால் அந்த நேரம் முழுவதும் பின் பிரேக் காலுக்கு எட்டாத தூரத்தில் இருக்கிறது.

ஒன்றே ஒன்று வாங்கலாம் என்றால்

செலவில்லாத திருத்தங்கள் எல்லாம் முடிந்துவிட்டன, ஒரே ஒரு பொருளுக்குத்தான் இடமிருக்கிறது என்று வைத்துக்கொண்டால், நெடுஞ்சாலையே பெரும்பகுதியாக ஓட்டுபவர் இயர்பிளக்கை ஏற்கனவே வாங்கிவிட்டார் என்ற அடிப்படையில், ஸ்பாய்லரைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பேன். காற்றுக் களைப்பு உடலை மட்டுமல்ல, சாலையில் முடிவெடுக்கும் வேகத்தையும் தின்றுவிடுகிறது. பாதையும் சாலையும் சரிபாதியாக ஓட்டுபவருக்கு இருக்கையின் சரிவைச் சமமாக்கும் ஃபோம் வேலை. மண்பாதையிலேயே வாழ்பவருக்கு ரைசரும், தேவைப்பட்டால் எடைக்கேற்ற ஸ்பிரிங்கும். அவர் உட்காரும் நேரமே குறைவு. பின்னால் இன்னொருவரை ஏற்றிச் செல்பவருக்குக் கணக்கே வேறு: அவர் முதலில் அந்த ஆளோடும் பைகளோடும் ப்ரீலோடை மீண்டும் அளந்து, தனியாக ஓட்டும்போது உள்ள அமைப்பிலிருந்து எத்தனை திருப்பு வித்தியாசம் என்பதை இருக்கைக்கு அடியில் எழுதி ஒட்டிவைக்க வேண்டும்.